காய்ந்த மரம்தான், டீச்சர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னைப் பழனி ரோட்டில் இருக்கும் ஒரு கதவுக் கடைக்குக் கூட்டிப்போனான். வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். பூச்சு வேலை முடிந்துவிட்டது, வாசல் கதவு எடுக்க வேண்டும். "நீங்க மரக்கடையில இருந்தவருப்பா, நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றான். இந்த மாதிரி வார்த்தையைக் கேட்டால் எந்த அப்பனுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏசி போட்ட கடை. கதவுகளுக்கு மேலே நகைக்கடை போல விளக்கு. மரக்கடை என்றால் நுழைந்ததும் தும்மல் வர வேண்டும்; இங்கே தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனாலும் வார்னிஷ் நெடிக்கு அடியில் லேசாக அந்த வாசனை இருந்தது. வேங்கை மரத்தின் வாசனை. விற்பனைக்கு நின்ற பெண் ஒரு கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "நல்லாக் காஞ்ச மரம் சார், பயப்படாம எடுங்க" என்றாள். நான் போன் வந்த மாதிரி காதில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்து மகன் மிட்டாய் வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தான்.

அந்தப் பெண்மேல் ஒரு குறையும் இல்லை. அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நானும் அதே மாதிரி தட்டி, அதே வார்த்தையைச் சொல்லி ஒரு கதவு விற்றிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அப்போது நான் வேலை பார்த்த மரக்கடை ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்த நாளில் திண்டுக்கல்லில் கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். தோல் ஷாப்புப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், பிரியாணிக் கடைப் பக்கம் போனால் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கடையில் எல்லாமே மரத்தூள் வாசனைதான். டீயில் மரத்தூள் மிதக்கும். ஊதிவிட்டுக் குடிப்போம்.

பில் எழுதத்தான் என்னைச் சேர்த்தார்கள். முதலாளி மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் வருகிறவர்களிடம் நான்தான் பேச வேண்டும். அப்படிப் பேசிப் பேசியே மரம் தெரிந்தவனாகிவிட்டேன். காய்ந்த மரத்தைத் தட்டினால் கணீரென்று கேட்கும். பச்சை மரம் தொத்தென்று கேட்கும், கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். இம்புட்டுத்தான் என் படிப்பு. ஆனால் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவேன். ஜனங்கள் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பங்குனி மாதம் அமலி டீச்சர் கடைக்கு வந்தார். எனக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர். வீட்டுக் கணக்கை யாரைப் பார்த்து எழுதினோம் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், ஆனால் அடிக்க மாட்டார். "சரி, போய் நீயாப் போட்டுக் கொண்டா" என்று அனுப்பிவிடுவார். கூட அவருடைய வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இளைப்பு நோய்க்காரர், டவுன் பஸ் நிறுத்தத்தில் இருந்து கடைக்கு நடந்து வந்ததற்கே மரக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லாதவர்கள். கல்யாணமான நாளில் இருந்து வாடகை வீடுகளிலேயே இருந்தவர்கள், நாகல் நகரில் ஒரு சந்துக்குள் சின்னதாக வீடு கட்டியிருந்தார்கள்.

டீச்சருக்குக் கதவைப் பற்றித் தெளிவான எண்ணம் இருந்தது. ஒற்றைக் கதவு, வேங்கை மரம், பூ வேலைப்பாடு எதுவும் வேண்டாம், உறுதியாக இருக்க வேண்டும். குடியிருந்த ஒரு வாடகை வீட்டில் தகரக் கதவாம். காற்று அடித்தால் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்ளுமாம், வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெட்டு இளைப்பு வந்துவிடுமாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கடையில் அப்படி ஒரு கதவு இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நிழலில் காய்ந்த வேங்கை. டீச்சர் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியதில் இருந்தே அதை நான் மனதுக்குள் அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று காலையில்தான் முதலாளி அதை வேறு ஒரு பெரிய புள்ளிக்குப் பேசி முடித்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, கேரளாவுக்குக் காய் ஏற்றிப்போன லாரியில் திரும்பி வந்த புது மரத்தில் செய்து வைத்திருந்த கதவைக் காட்டச் சொன்னார். அது பச்சை என்றேன். "தெரியுதுல்ல, வாயை மூடிக்கிட்டு வித்துரு" என்றார். அந்த மாதம்தான் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிரந்தரமான வேலை என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தோம். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குள் ஓடியது இதுதான்.

டீச்சர் அந்தக் கதவைத் தடவிப் பார்த்தார். நல்ல செம்பு நிறம். காய்ந்ததுதானா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் விரல் முட்டியால் தட்டினேன். தொத்தென்று கேட்டது. "நல்லாக் காஞ்ச மரம் சார், பயப்படாம எடுங்க" என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தார். டீச்சர் அவர் தோளில் கையை வைத்து, "இவன் எங்கிட்டப் படிச்ச புள்ள. நம்மகிட்டப் பொய் சொல்லுவானா?" என்றார்.

சித்திரை வெயிலில் கதவு சுருங்கி ஓரம் முறுக்கிக்கொண்டது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல் போகிற அளவுக்கு இடைவெளி. டீச்சர் சொல்லி அனுப்பினார். புதுக் கதவு கொடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. என்னோடு ஆசாரியை அனுப்பி, ஓரத்தில் ஒரு ரீப்பர் கட்டையை ஆணி வைத்து அடித்து இடைவெளியை மூடச் சொன்னார். மழைக்குக் கதவு ஊதினால் அந்தக் கட்டையும் சேர்ந்து இறுக்கும் என்று ஆசாரி என்னிடம் சொன்னார். நான் அதை டீச்சரிடம் சொல்லவில்லை. அவர் எனக்கு மோர் கொடுத்தார். புது வீட்டில் இளைப்பு குறைந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து தள்ளினால் கதவு நகரவில்லை. பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பின்கதவுத் தாழை எடுக்க அவரால் முடியவில்லை. டீச்சர் ஜன்னலுக்கும் கதவுக்கும் மாறி மாறி ஓடியிருக்கிறார். மழைச் சத்தத்தில் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் முக்குக்கு ஓடி, ஆட்டோக்காரர்களைக் கூட்டிவந்து, கடப்பாரையால் நெம்பிக் கதவை உடைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்குப் போனேன். உடைந்த கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜனங்கள் அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். யாரும் பார்க்காதபோது பிளந்த இடத்தில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. மழையில் நனைந்ததாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே போய் டீச்சர் முகத்தைப் பார்க்காமல், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். பொறுப்பான பிள்ளை என்று ஒரு பெரியவர் பாராட்டினார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டீச்சர் கடைக்கு வந்தார். முதலாளி அன்று வெளியூர் போயிருந்தார். பழியை அவர்மேல் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடையில் நான் மட்டும்தான். டீச்சர் உட்காரவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன் அப்பு. அது பச்ச மரமா?"

அவர் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார், சண்டைக்கு வரவில்லை. எனக்கு அது அப்போதே புரிந்தது. புரிந்தும், "இல்ல டீச்சர், காஞ்ச மரம்தான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே பார்வை. இந்த முறை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது கண்டுபிடிக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டார். "அப்ப எனக்குத்தான் தள்ளத் தெம்பு இல்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவர் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. டீச்சர் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஒரு வருஷத்தில் மரக்கடையை விட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்தில் லாரி புக்கிங் ஆபீசுக்கு மாறிக்கொண்டேன். டீச்சரை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் பையனின் பெயரைக் கேட்டார், எங்கே படிக்கிறான் என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருடைய பஸ் வந்துவிட்டது. பஸ் வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதவுக் கடையில் இருந்து வந்த மறுநாள் நாகல் நகருக்குப் போனேன், இத்தனை வருஷம் கழித்து. அந்தச் சந்து அகலமாகிவிட்டது. டீச்சர் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள், கீழே செல்போன் கடை. எதிர்வீட்டு அம்மாவுக்கு மட்டும் டீச்சரை ஞாபகம் இருந்தது. அக்கா மகளோடு திருச்சிக்குப் போய்விட்டாராம், அங்கேயே ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டாராம். இங்கே இருந்த வரைக்கும் பகலில் கதவைச் சாத்தவே மாட்டாராம். கேட்டால், எனக்குத் தள்ளத் தெம்பு பத்தாது என்பாராம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் அதையே சொல்வாராம்.

"நீங்க யாரு, சொந்தமா?" என்று அந்த அம்மா கேட்டார். அவர்கிட்டப் படித்தவன் என்றேன்.

மரக்கடை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, ஆசாரியும் இல்லை. இனிமேல் யார் வந்து கேட்டாலும் அந்தக் கதவைப் பற்றி என்னால் தைரியமாகப் பேச முடியும். டீச்சர், அது பச்சை மரம். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.