புனிதா சேர்த்து வைத்த முகம்

காலையில் கைப்பேசியில் புனிதாவின் பெயர் வந்தது. எடுத்தால் வேறு குரல். "புனிதாக்கா போயிட்டாங்க. நான் கிள்ளான் சரளா." அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அவளுடைய போன் இவள் கையில் எப்படி? இந்த அஞ்சலியைப் படிக்கும், புனிதாவை அறிந்த நீங்கள் சிரித்துவிட்டுப் போங்கள், நான் அப்படித்தான்.

பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில், தொலைபேசி மேசையில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அவள். வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயிலில் ஒன்றாகத் திரும்புவோம். யார் ஏறுகிறார்கள், என்ன உடை, யார் முகத்தில் கடுப்பு என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவேன். அவளுக்கு நான்தான் கண் என்று எனக்கு அத்தனை கர்வம்.

ஒரு தீபாவளி சமயம் புதுச்சேலை கட்டி வந்தாள்.

"என்ன கலருடி இது?"

"கிளிப்பச்சை."

"சரளா வாழைக்குருத்துன்னாளே."

அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். கிள்ளானில் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் சிநேகிதியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப அவளையே கேட்டுக்கோ!"

"கோவப்படாத லா. உனக்கு ஒரு ஜோடிக் கண்ணு, அத நம்பித்தான் ஆகணும். நான் நாலு பேருகிட்ட கேப்பேன். எது ஒத்துப்போகுதோ அது சேலை. ஒத்துப்போகாதது, சொன்ன ஆளோட குணம்." அதோடு விடவில்லை: "நீ சொன்னா ரயில்ல எல்லாருமே கடுப்பாத்தான் இருக்காங்க மல்லிகா."

இரண்டு நாள் நான் பேசவில்லை.

இழவு வீட்டில் அவ்வளவு கூட்டத்திலும் ஒரு பெண் நேரே என்னிடம் வந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை.

"நீங்கதானே மல்லிகாக்கா? நான் சரளா."

"என்னை எப்படித் தெரியும்?"

"இடது புருவத்து மேல மச்சம். கோவம் வந்தா கீழுதட்டக் கடிப்பீங்கன்னு அக்கா சொல்லுவாங்க. இப்பக்கூட கடிச்சிட்டுத்தான் நிக்கிறீங்க."

சட்டென்று உதட்டை விட்டேன். என் முகம் எப்படி என்று புனிதா என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"உங்க ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா கேட்டு வச்சிருந்தாங்க. மச்சம், உதடு எல்லாம் ஒத்துப்போச்சாம். நீங்க அழகா இல்லையாங்கிறதுல மட்டும் ஆளுக்கொண்ணு சொன்னாங்களாம். அத மட்டும் அக்காவே முடிவு பண்ணிட்டாங்க. அழகுதான்னு."

அங்கேயே உடைந்து அழுதேன். அதைச் சரளாவிடம் சொன்னவள் என்னிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்ற பொறாமை இன்னும் எரிகிறது. அவள் முடிவு செய்த அந்த முகம்தான் அவளிடமிருந்து எனக்கு மிச்சம். அதில் சரளாவுக்குப் பங்கு தர மாட்டேன்.