‘டயலாக் புரியவில்லை’ என்ற புகார்

1. புளூடூத்

ஒலிப்பொறியியலில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின், மும்பை செம்பூரில் ஒரு ஸ்பீக்கர் கடையில் ஆலோசகராக அமர்ந்தேன். மாட்டுங்கா வீட்டில் நானும் என் மனைவி விசாலமும் மட்டும். கடையில் சேர்ந்த வாரமே அவள் சொன்னாள்: “ஏன்னா, டிவில அவா பேசறது ஒண்ணுமே புரியலை. சத்தம் வரது, வார்த்தை வரலை.”

எங்கள் தொழிலில் இதைவிடச் சாதாரணமான புகார் கிடையாது. இன்றைய டிவி மெலிந்தது. அதன் ஸ்பீக்கர் பின்சுவரைப் பார்த்துப் பேசுகிறது. பாட்டுக்காக வாங்கியிருந்த புளூடூத் ஸ்பீக்கரை டிவியோடு இணைத்தேன். உதடு அசைந்த பிறகே சொல் வந்தது. அவளுக்குப் புரியாததற்கு அந்தத் தாமதமே காரணம் என்று தீர்மானித்தேன்.

2. வைஃபை ஜோடி

தாமதம் குறைந்த வைஃபை ஸ்பீக்கர்கள் இரண்டை டிவியின் இருபுறமும் வைத்து, ஸ்டீரியோவாக இணைத்தேன். இரண்டிலிருந்தும் சம தூரத்தில் அவளுடைய நாற்காலியைப் போட்டேன். அவள் அதை வலது ஓரத்துக்கு நகர்த்தி, தலையையும் வலப்பக்கம் திருப்பி, இடக் காதை டிவிக்குக் காட்டி உட்கார்ந்தாள்.

“நடுவுல உக்காரு. ஓரத்துல ஒரு ஸ்பீக்கர்தான் கேக்கும்” என்றேன்.

“எனக்கு இங்கதான் சௌகர்யமா இருக்கு. விடுங்கோளேன்.”

மறுநாள் நாற்காலியை மீண்டும் நடுவில் போட்டேன்.

3. சவுண்ட்பார்

கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“டயலாக் புரியலன்னு வாரவங்களுக்கு பேச்சுக்குன்னே தனியா சென்டர் சேனல் உள்ள சவுண்ட்பார்தான் சார் மருந்து. ஒரே டோஸ், கதம்! ஊருக்கெல்லாம் நீங்க சொல்லுதீய, ஒங்க வீட்டுக்கு நான் சொல்லணுமாக்கும்?”

வாங்கிச் சென்றேன். ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, டயலாக் மோடு போட்டு, அவள் தலை இருக்கும் உயரத்தில் மைக் வைத்து அரை நாள் அளந்தேன். லேப்டாப்பில் கிராஃப் ஏறக்குறைய நேர்கோடாக, அதாவது குறையே இல்லாமல், வந்தது. அவளிடம் காட்டினேன்.

“உங்க கிராஃபுக்கு நன்னா கேக்கறதாக்கும்! எனக்குக் கேக்கலையே, என்ன பண்ண?”

“இதுக்கு மேல ஸ்பீக்கர்ல ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். அதன்பின் அவள் புகார் சொல்லவில்லை.

4. ஸ்கேன்

நான் கடையில் சேர்ந்த எட்டாம் மாதம், காய்கறி மார்க்கெட்டில் தலைசுற்றி விழுந்தாள். வலது செவி நரம்பில் கட்டி. மூளைத்தண்டை அழுத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தக் காது எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை என்று மருத்துவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனை எந்தக் காதில் வைத்துப் பேசுவார் என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. கட்டி சிறிதாக இருந்தபோதே வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்குப் பின் பதினொரு நாள் ஐசியுவில் இருந்தாள். வீட்டுக்கு வரவில்லை.

கடைக்கு இன்னும் போகிறேன். “வந்த யாவாரத்த டாக்டர்ட்ட அனுப்புதீயளே சார்” என்று முதலாளி ஒருமுறை சலித்துக்கொண்டார். பிறகு சொல்வதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். டயலாக் புரியவில்லை என்று யார் வந்தாலும், அதே வீட்டில் மற்றவர்களுக்குப் புரிகிறதா என்று முதலில் கேளுங்கள். புரிகிறது என்றால் எதையும் விற்காதீர்கள். காது மருத்துவரிடம் அனுப்புங்கள்.

என் வீட்டில், மூன்று ஏற்பாடுகளிலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.