பம்பரம் நின்ற நாள்

எங்கள் தெருமுனைச் சலூனில் முடிவெட்டுபவரைப் பம்பரம் என்றே கூப்பிடுவோம். நாற்காலியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். நிற்க நேர்ந்தால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். அசையாமல் நின்றால் கண் இருட்டும், நெஞ்சு தடதடக்கும். அதை அவர் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கத்தி பிடிக்கிறவனுக்கு மயக்கம் வரும் என்றால் யார் கழுத்தை நீட்டுவார்கள்?

சலூன் அவருடைய மைத்துனருடையது. வெக்கையான ஒரு முற்பகல், நான் பெஞ்சில் காத்திருந்தேன். நாற்காலியில் பள்ளி ஆசிரியர், முகம் முழுக்க நுரை.

"ஏம்ப்பா, சவரம் பண்றியா, என்னைச் சுத்தி வர்றியா?"

மைத்துனர் கல்லாவிலிருந்து கத்தினார். "மாப்ள, கொஞ்சம் ஆடாம நில்லுங்க. மானம் போகுது."

நின்றார். சற்று நேரத்தில் முகம் வெளுத்தது. கத்தி நழுவித் தரையில் விழுந்தது, பின்னாலேயே அவரும்.

ஆசிரியர் துள்ளி எழுந்தார். நாங்கள் பதறி, பம்பரத்தைத் தூக்கி அதே நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தோம். தலை சரிந்தது. தாங்கிப் பிடித்தோம். இன்னும் வெளுத்தார். அந்நேரம் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நிமித்தாதீங்க, விடுங்க! வீட்லயும் இப்படித்தான், படுத்தாத்தான் தெளியும்."

நாற்காலியின் கைப்பிடியை இழுத்துச் சாய்த்து, கால்களைத் தூக்கிக் கண்ணாடி மேடைமேல் வைத்தார். பம்பரம் கண் திறந்தார்.

"சார், ஒரு பக்கம் பாக்கி."

"அந்தப் பக்கம் தாடி வச்சுக்கறேம்ப்பா!"

மைத்துனர் தங்கையை முறைத்தார். "வீட்லயுமா? இனிமே மாப்ள கத்தியத் தொட வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பம்பரத்தைப் பலகையில் படுக்கவைத்து, பலகையை நிமிர்த்திச் சோதித்தார். "நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். ரத்தக் குழாயை இறுக்கி அதை மேல அனுப்புற நரம்பு உங்களுக்குச் சரியா வேலை செய்யல. நாம நினைச்சு செய்யறதில்ல அது, தானா நடக்கணும். இத்தனை நாள் உங்க ஆட்டம்தான் காப்பாத்தியிருக்கு." மாத்திரை, நிறையத் தண்ணீர், கூடுதல் உப்பு, இறுக்கமான நீளக் காலுறை. கண் இருட்டத் தொடங்கினால் கத்தியை வைத்துவிட்டு உடனே படுக்க வேண்டும்.

அதன்பின் பம்பரம் துண்டு மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தார். பார்க்கவே எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மயக்கமில்லாமல் சில வாரங்கள் போனபின் ஒரு காலை, மைத்துனரே நாற்காலியில் சாய்ந்து தாடையைத் தூக்கினார்.

"போடுங்க மாப்ள."

"நின்னுகிட்டா மச்சான்?"

"நின்னா உதைப்பேன். ஆடுங்க."

குதிகால்கள் ஏறி இறங்கின. பெஞ்சில் நாங்கள் எங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டோம். மைத்துனர் ஒரு கீறலும் இல்லாமல் எழுந்தார்.

"அடுத்து யாரு?"

ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பெருமூச்சோடு அவர்தான் எழுந்தார்.

"அந்தப் பாக்கிப் பக்கத்தை முடிச்சிடுப்பா."