ஒரு கைப் பாரம்

படகுப் பாய் தைக்கும் கொட்டிலுக்குள் நுழைந்ததும் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார் அபூதாஹிர் நானா. மரியாதைக்காக என்று நினைத்தேன். அவரோ இரண்டையும் நாடாவால் முடிந்து, மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டினார்.

"மூண்டு றாத்தல்! லண்டனில எப்பிடித் தம்பி காலைத் தூக்கி நடக்கிறீங்க?"

கைக்கு அகப்படுவதையெல்லாம் நிறுப்பார். கத்தரிக்கோல், வெற்றிலைத் தட்டம், ஒருமுறை பக்கத்து வீட்டுப் பூனை. தொழில், கிழிந்த பாய் தைப்பது. திருக்கோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிடும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் அவருடைய ஊசியைத் தேடி ஆள் அனுப்பும். எழுபத்தாறாம் ஆண்டில் ஓர் ஒஸ்ரேலியப் படகுக்காரன், முக்கோணச் சிறகொன்றில் மனிதன் தொங்கிப் பறக்கும் படத்தைக் காட்டிவிட்டுப் போனான். மூன்று வருடமாகிறது. நானாவின் கால் இன்னும் நிலத்தில் சரியாகப் பாவவில்லை.

முதற்சிறகு மூங்கிலும் தார்ப்பாயும். எழுபது றாத்தல். இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கிடக்கிறது. அடுத்தது, படகுகள் கழித்துவிட்ட அலுமினியக் குழாயும் டெக்ரோன் என்னும் செயற்கைப் பாய்த்துணியும்.

"இது தண்ணியும் குடிக்கா, காத்தையும் விடா. என்ன துணி தம்பி!"

இவ்வளவு தெரிந்தவர்தான், தைத்து முடித்த கையோடு, வள்ளத்துப் பருத்திப் பாயை உக்காமலிருக்கத் தோய்க்கும் முப்பது வருடப் பழக்கத்தில், அதையும் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துவிட்டார். துணி சாற்றைக் குடிக்கவில்லை. பிசின் மேலே அப்பி, நாலு றாத்தல் ஏறியது. ஒரு கிழமை இருந்து சுரண்டினார்.

றாத்தலுக்கு இந்தப் பாடு ஏன் என்றால், மனைவி றுக்கியா போட்ட நிபந்தனை. குச்சவெளிப் பக்கத்து மணல்மேட்டிலிருந்து பறக்கப் போவதாக இவர் சொன்னபோது, அந்த அம்மா மறுக்கவில்லை.

"விழுந்தா ஆரு தூக்கிக்கொண்டு வாற? நான்தானே? ஒரு கைக்கு நீங்க, மத்தக் கைக்கு இந்தச் சாமான். ஒரு கையால தூக்க ஏலுமெண்டாப் போங்க."

போன மாதம் ஐம்பது றாத்தல். றுக்கியா தூக்கிப் பார்த்து, "ஏலாது" என்றுவிட்டார். நானா இரும்பு ஆணிகளைக் கழற்றிவிட்டு, விடுமுறையில் வரும்போது நான் கொண்டுவந்த அலுமினிய ஆணிகளைப் பூட்டினார். அவற்றை நம்பி ஒரு மனிதர் ஆகாயத்தில் தொங்கப் போகிறாரே என்று ஒவ்வொன்றையும் நான் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தேன். நேற்றுத் தராசு முள் நாற்பத்தொன்றில் நின்றது. சிறகைத் தூக்கிவிடும் வாடைக்காற்று இன்னும் பத்து நாளைக்குத்தான்.

இன்று நானா, சுருட்டிக் கட்டிய சிறகை முற்றத்தில் கிடத்தினார்.

"றுக்கியா, வாங்க. இண்டைக்குத் தூக்கிருவீங்க."

"ஓம், ஓம். அரிசியை வச்சிற்று வாறன்."

ஐம்பத்தாறு றாத்தல் அரிசிச் சாக்கை ஒரு கையால் தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு குசினிக்குப் போனார் றுக்கியா. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திரும்பி வந்தவர் கையைத் துடைத்து, கட்டின் நடுவைப் பிடித்தார். சிறகு சுலபமாக எழும்பியது. முழங்கால் வரை வந்தது. இடுப்பு வரை வந்தது.

"பார்த்தீங்களா தம்பி!" என்று நானா துள்ளினார்.

றுக்கியா, துள்ளுகிற அந்த மனிதரை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக மற்றக் கையையும் கொண்டுவந்து சிறகின் கீழே கொடுத்தார்.