கண் மட்டும் வெள்ளையாக இருந்தது

எண்பதுகளின் நடுவில் நாங்கள் விளாங்குடியில் குடியிருந்தோம். ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்று என் கணவருக்கு ஆபரேஷன் செய்து, பாதி ஈரலையே எடுத்திருந்தார்கள். உடம்பில் மஞ்சள் தட்டினால் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் எழுந்ததும் அவர் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கு முதல் வேலை.

சிங்கப்பூரிலிருந்து வந்த கொழுந்தன் ஒரு மாத்திரை டப்பா கொடுத்தார். "காரட்டுல இருக்க சத்தாம் மதினி. தெனம் போட்டா கட்டி திரும்ப வராதாம்." இவரும் தினம் போட ஆரம்பித்தார்.

இந்தச் சேதி எங்கள் சொந்த ஊரான பேரையூர் வரை போய்விட்டது. அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சாத்துக்குடியை விட்டுவிட்டுக் காரட்டும் கையுமாக வந்தார்கள். எங்கள் சனத்துக்கு, கொண்டுவந்ததை நோயாளி தங்கள் கண் முன்னாலேயே சாப்பிட்டால்தான் மனசு ஆறும். அப்போதே சாறு பிழிந்து கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்பேன் அவரிடம். "விடு, அம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்துருக்காக. மொகம் சுண்டிப் போகும்ல" என்று மடக்மடக்கென்று குடித்துவிடுவார்.

ஒருநாள் காலையில் அவர் உள்ளங்கையெல்லாம் மஞ்சள். பாதமும் மூக்கோரமும்கூட. மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். காளவாசலில் பஸ் நின்றபோது, "பிள்ளைகளப் படிக்க வச்சிரு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையா இருக்கே. காமாலைன்னா அங்கதானே முதல்ல தெரியும்? காரட் ஏதும் சாப்பிடுறாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தத்தையும் சோதித்துப் பார்த்து, இது காரட்டால் வந்த மஞ்சள்தான், நோய் திரும்பவில்லை என்றார். பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கட்டியத் தடுக்குமா, இல்ல கெடுதல் பண்ணுமா, எனக்கே தெரியாதும்மா. பாதி ஈரலோட இருக்க மனுசன்கிட்ட அதைச் சோதிச்சுப் பாக்க வேண்டாம்" என்றார்.

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். அவர் உள்ளங்கையை நீட்டி, "சொந்தக்காரவுக பாசம் எம்புட்டு ஒட்டிருக்கு பாரு" என்று சிரித்தார்.

சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு நோய் திரும்ப வந்தது. அந்தத் தடவை கண்ணும் மஞ்சளாக இருந்தது.

இன்றும் நோயாளியைப் பார்க்க நான் வெறுங்கையோடுதான் போகிறேன். கஞ்சப் பிசினாறி என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். என் மனம் கோணக் கூடாதே என்று இன்னொருவர் எதையும் விழுங்க வேண்டாம்.