தேநீர்க்கடையில் ஒரு விசாரணை

நான் புளியங்குளத்தில் ஆசிரியையாக இருந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். இந்தியாவிலிருந்து அனுமதியில்லாமல் கடல் கடந்து இலங்கைக்கு வந்தவர்களைப் பிடிக்க, அரசாங்கம் அப்போது ஊர்த் தலைமைக்காரரான விதானைமாரின் உதவியைக் கேட்டிருந்தது. ஊருக்குள் யார் புதியவர் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

ஒருநாள் காலை எங்கள் விதானையார் பாடசாலைக்கு வந்தார். கொழும்பிலிருந்து வந்திருக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, நான் வந்து மொழிபெயர்க்க வேண்டும் என்றார். இவருக்கே ஆங்கிலம் தெரியுமே, நான் எதற்கு என்று யோசித்தபடி கூடப் போனேன்.

சந்தியில் தேநீர்க்கடை வைத்திருந்த பெண்ணின் வாசலில் ஜீப் நின்றது. அவளுடைய கணவன் உள்ளூர்க் கமக்காரன்; வயலுக்குப் போயிருந்தான். பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். அவள் எங்கே பிறந்தவள் என்று அதிகாரி கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இங்கிட்டுத்தாங்க," என்றாள். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

நாங்கள் 'இஞ்ச' என்போம். 'இங்கிட்டு' இராமநாதபுரத்துப் பக்கத்துச் சொல். இது இந்த ஊர்ப் பேச்சுத்தானா என்று அதிகாரி என்னிடம் கேட்டபோதுதான், விதானையார் என்னை ஏன் கூட்டிவந்தார் என்பது விளங்கியது. அந்தப் பதிலைத் தன் வாயால் சொல்ல அவருக்கு மனமில்லை.

என் வகுப்பில் பல பிள்ளைகள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்றேன். அது உண்மைதான். அவளுடைய பிள்ளைகளோடு விளையாடி மற்றவர்களுக்கும் அந்தச் சொல் தொற்றியிருந்தது.

அதிகாரி விதானையாரைப் பார்த்தார்.

"ரீச்சர் சொல்லுறது சரியெண்டு சொல்லுங்கோ," என்றார் விதானையார் என்னிடம். "நானும் சிலவேளை அப்பிடித்தான் கதைக்கிறனான்."

அவர் அப்படிக் கதைத்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. மொழிபெயர்த்தேன். அதிகாரி ஒரு தேநீர் குடித்துவிட்டு முல்லைத்தீவு வீதியில் போய்விட்டார்.

அதே மாதம் அவளும் கணவனும் வவுனியாவுக்குப் போய், இனி யாரும் அவளைத் திருப்பி அனுப்பாதபடி, திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தார்கள். சாட்சிக் கையெழுத்து வைத்தவர் விதானையார். அதன் பிறகுதான் அவள் என்னோடு மனம்விட்டுப் பேசினாள். சிறுமியாக இருந்தபோது ஓடு ஏற்றிய தோணியில், ஓடுகளின் மேல் உட்கார்ந்து வந்தாளாம். கடல் எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன்.

"கரை வார வரைக்கும் கண்ணைத் தொறக்கவே இல்லீங்க," என்றாள்.