மோட்டாருக்கு ஊட்டிய பொரி

இரண்டாம் உலக யுத்த காலம். நான் தேனியில் ஃபிட்டராக இருந்தேன். சின்னமனூர்ப் பக்கத்து அரிசி மில் ஒன்றில் மோட்டார் உறுமுகிறது என்று ஆள் விட்டார்கள். போய்ச் சேர்ந்தால், மோட்டாரைவிட முதலாளிதான் அதிகமாக உறுமிக்கொண்டிருந்தார்.

"ஆயில்மேன் வீரணன் எண்ணெயே ஊத்தல. வெளிய அனுப்பிட்டேன். இனி எந்த மில்லுலயும் அவனைச் சேக்க மாட்டாக, சொல்லி விட்டுருக்கேன்."

வீரணன் வாசலில் மனைவி பேச்சியம்மாளோடு நின்றிருந்தார். "ஊத்துனேன் ஃபிட்டரய்யா. திறந்து பாருங்க" என்றார். அதற்குள் காவல்காரன் இருவரையும் விரட்டிவிட்டான்.

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினேன். உறுமல் குறையவில்லை. ஆக, கோளாறு மோட்டாருக்குள்தான். கரண்டை நிறுத்தினேன். அந்த நொடியே சத்தம் நின்றால் கரண்ட் கோளாறு, கம்பி சுற்றிய காயிலைப் பார்க்க வேண்டும். இது ஓட்டம் அடங்கும்வரை கூடவே வந்தது. அப்படியென்றால் மெக்கானிக்கல். உள்ளே சுற்றுகிற ரோட்டருக்கும் அதைச் சூழ்ந்து நிற்கிற ஸ்டேட்டருக்கும் நடுவில், இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டேன். மேல்பக்கம் தாராளமாக நுழைந்தது, கீழ்ப்பக்கம் நுழையவே இல்லை. பேரிங் தேய்ந்து, ரோட்டர் கீழே இறங்கி உரசுகிறது.

பேரிங்கைத் திறந்தேன். அடியிலிருந்த கிண்ணம் நிறைய எண்ணெய் இருந்தது. அதை அள்ளி ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கிற வளையம்தான் சுற்றவில்லை. வெல்லம் உருகி அதைப் பிடித்திருந்தது. வெல்லத்துக்குள் பொரி.

"இது எப்படி வந்துச்சு, மொதலாளி?"

அவர் முகம் செத்துப்போனது. "ஆயுத பூசையண்டைக்கு நாந்தேன் வச்சேன். நமக்குச் சோறு போடுற மிசினு, அதுக்கும் ஒரு வாய் ஊட்டணும்ல."

மூடியைத் திறந்து கையால் ஊட்டியிருக்கிறார்! பக்தியில் குறை சொல்ல முடியாது. வீரணன் ஊற்றிய எண்ணெயிலும் குறை சொல்ல முடியாது.

"அவரைக் கூப்பிட்டு நாலு பேருக்கு முன்னால சொல்லிருங்க" என்றேன்.

"சாமிக்குச் செஞ்சது தப்பாப் போச்சுண்டு என் வாயால எப்படிச் சொல்றது? பாப்பம்."

அவர் பார்க்கவே இல்லை. நானே வீரணன் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மலைத் தோட்ட வேலைக்கு ஏறிவிட்டார்களாம். வீரணன் மேல் தப்பில்லை என்று மலைக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

யுத்த காலத்தில் பேரிங்குக்கு ஈயம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்து, வார்த்து, மாட்டப் போன அன்று மில் வாசலில் பேச்சியம்மாள் தனியாக நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. மலைக்காய்ச்சல் வீரணனைக் கொண்டுபோய்விட்டது. நான் சொல்லிவிட்ட சேதி அவர்களை எட்டவே இல்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவுக எண்ணெ ஊத்தியிருந்தாகளா?"

"ஊத்தியிருந்தாரு ஆத்தா. கிண்ணம் நெறைய இருந்துச்சு."

"காய்ச்சல்ல கிடந்தப்பவும் விடாமக் கேட்டேனே அண்ணே, நெசமாவே ஊத்துனீகளாண்டு. நானும் அவுகளை நம்பலையே."

அதற்குப் பிறகு எந்த மில்லில் எது உறுமினாலும், முதலில் ஆயில்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். வெளியே அனுப்பியிருந்தால் ஆள் விட்டுக் கூட்டிவரச் சொல்வேன். அவர் வந்து சேரும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டேன்.